மாம்பழ ஐஸுக்கு ஒரு நீதிபதி

விடுமுறைக்குக் குடும்பமே தம்பி வீட்டில் கூடியிருந்தது. தம்பி மனைவி மாம்பழ ஐஸ் செய்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐஸ் அச்சுகளை இரண்டு வீட்டுக்கும் ஜோடியாக வாங்கியவளே அவள்தான். அந்த உரிமையில், வந்ததிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஃப்ரீசரைத் திறந்து, "இன்னும் உறையலையா?" என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஐஸ் தட்டில் வந்தது. அக்கா ஒரு கடி கடித்தாள். முகம் சுருங்கியது.

"சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கா. பழம் இந்தப் பக்கமா எட்டிப் பார்த்திருக்கும் போல."

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அக்காவின் கணவர்.

"அடுத்தவங்க கைன்னா உங்களுக்கு எல்லாமே தித்திக்குமே!" என்று அவரை அடக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போங்க, காலையில நான் கொடுத்து ஃப்ரீசர்ல வைக்கச் சொன்னேனே, என் ஐஸ், அதை எடுத்துட்டு வாங்க. மாம்பழ ஐஸ்னா என்னன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

தம்பி மனைவி தயங்கினாள்.

"அதைத்தான் அண்ணி சாப்பிட்டுட்டு இருக்கீங்க. நீங்க திறந்து திறந்து பார்த்ததுல என்னோடது உறையவே இல்ல. உங்களோடது வீட்டுலயே கல்லா உறைஞ்சு வந்ததால தப்பிச்சது."

கணவர் இரண்டாவது ஐஸுக்குக் கை நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்!"