மூன்று சரணங்கள்

பிறர் பாடல்களைத் தங்கள் பாணியில் பாடி ஆல்பம் போட்ட அந்த ராக் குழு, கடைசியாகப் பாடகன் கிளமென்ட்டின் புகழ்பெற்ற பாட்டை எடுத்துக்கொண்டது. அனுமதி கேட்டதும் மகிழ்ந்துபோய் அவன் ஒலிப்பதிவுக்கே வந்துவிட்டான். உண்மையில் அதை எழுதியவள் குழுவின் பாடகி ரோவினா. அவனுக்கு அது மறந்தே போயிருந்தது. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று ரோவினா, அவன் மூச்செடுக்கும் இடத்திலேயே மூச்செடுத்து, அவனைப் போலவே பாடினாள். மூன்றாம் சரணம் முடிந்ததும் கிளமென்ட் கைதட்டினான். டிரம்ஸ் நிற்கவில்லை.

“பாட்டு முடிஞ்சிருச்சேப்பா,” என்றான்.

“நீ தூக்கிட்டுப் போனப்ப பாதியிலதான இருந்துச்சு,” என்றாள் ரோவினா, மைக்கை விட்டு விலகாமல்.

நான்காவது சரணம் அவன் பெயரில் தொடங்கியது.