கலங்காத தண்ணீர்

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வந்த முதல் பெரிய வியாழன் அது. இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, சூசைநாதர் சாமியார் வழக்கம்போல மண்டியிட்டு, சீடர்களாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரின் பாதங்களையும் கழுவி முடித்தார். பித்தளைப் பாத்திரத்தைக் குனிந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் கலங்கவே இல்லை. அவர் முகம்தான் அதில் தெளிவாகத் தெரிந்தது.

“ஒருத்தர் கால்லகூட அழுக்கு இல்லையே?” என்று, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் கோயில்பிள்ளை மிக்கேலிடம் கேட்டார்.

“சாமி தொடுற காலாச்சே! வருஷா வருஷம், வீட்டுலயே சோப்புப் போட்டுத் தேச்சிட்டு வர்றவங்களத்தான் உக்கார வைக்கிறேன்,” என்றான் அவன் பெருமையாக.

சாமியார் நிமிர்ந்தார். வாசலுக்கு வெளியே, சேறு காய்ந்து வெடித்த கால்கள் நெருக்கியடித்து நின்றன. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் அங்கே நடந்தார். அந்தக் கால்கள் பதறிப் பின்வாங்கின.