கோபுரத்தில் கேட்ட இதயம்

செயற்கைக் கருப்பை நிலையத்திலிருந்து மகனை வீட்டுக்குக் கொண்டுவந்த மாலை, ஜெசிந்தா மார்போடு அணைத்தபோதெல்லாம் அவன் வீறிட்டு அழுதான். மருந்தின் உதவியால் பால் சுரந்து சட்டை நனைந்தது. அவன் வாய் வைக்கவில்லை.

"இவனுக்கு என்னைய யாருன்னே தெரியல," என்றாள் கணவன் செல்வினிடம்.

மகன் வளர்ந்த கண்ணாடிப் பேழைக்கு அவளுடைய இதயத்துடிப்பு ஒரு மார்புப்பட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுதுபார்ப்பது அவள் வேலை.

செல்வின் யோசித்தான். "வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் பட்டையக் கழட்டிப் போட்டுருவியே."

"அரிச்சுது. அதுக்கு?"

"நீ கோபுரத்துல ஏறும்போது அடிக்கிற அடியத்தான் அவன் கேட்டிருக்கான். இப்ப உன் நெஞ்சு சும்மா கெடக்கு. அவனுக்கு இது வேற யாரோ."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"மாடிப்படி இருக்குல்லா, ஓடு."

ஜெசிந்தா முறைத்தாள். பிறகு ஓடினாள். மொட்டை மாடிவரை ஏறி இறங்கி, மூச்சிரைக்க வந்து மகனைத் தூக்கினாள். அழுகை நின்றது. சின்ன வாய் தேடிப் பிடித்துக்கொண்டது. சன்னலுக்கு வெளியே, அந்தி வெளிச்சத்தில் காற்றாலை இறக்கைகள் மிதப்பதுபோல் சுற்றின.

மெல்ல அவள் மூச்சு அடங்கியது. துடிப்பும் இறங்கியது.

"திரும்ப ஓடணுமோ?" என்று பயந்து கிசுகிசுத்தாள்.

"கொஞ்சம் பொறு."

இதயம் வழக்கமான நடைக்குத் திரும்பியது. மகன் உறிஞ்சுவதை நிறுத்திக் கண் திறந்தான். அழவில்லை. புதிதாக வந்த ஒருவரைப் பார்ப்பதுபோல் அவளையே சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபடி குடிக்கத் தொடங்கினான்.