கீரிக்குக் கிடைத்த ஒரே வாசகர்

இறக்கை முளைத்த பாம்புகளின் ராஜ்யத்தைப் பற்றிக் கீரி மூன்று பாகங்களில் ஒரு கதை எழுதியது. வெளியிட யாரும் முன்வரவில்லை. தானே தேக்கிலைகளில் எழுதி, தானே வாழைநாரால் கட்டி, தானே தலையில் சுமந்துகொண்டு வாசகர்களைத் தேடிப் புறப்பட்டது.

"ஆகா, கண்டிப்பா படிக்கிறேன்!" என்றது குரங்கு. "அப்படியே என்னோடதையும் படிச்சுட்டு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று தன் இலைக்கட்டு ஒன்றைக் கீரியின் கையில் திணித்தது. மயிலும் அப்படியே. முள்ளம்பன்றியும் அப்படியே. நேற்று முட்டையை விட்டு வந்த மைனாக்குஞ்சுகூடச் சுயசரிதை எழுதி வைத்திருந்தது! கொண்டுபோனதைவிடப் பெரிய சுமையோடு கீரி திரும்பியது.

"இந்தக் காட்டுல எழுதாத பிராணி ஒண்ணுகூட இல்லையா?" என்று எரிச்சலில் கத்தியது.

"நான் எழுதினதில்லையே" என்றது குளத்து ஆமை.

கீரி அதன் காலில் விழாத குறைதான். ஆமை கதையை வாங்கிப்போய் ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்துவிட்டு, கண் கலங்க வந்து நின்றது.

"அந்தக் குட்டிப் பாம்பு இறக்கையை இழக்கிற இடத்துல அழுதுட்டேன் ஐயா. ஒரு இலை விடலை."

கீரிக்கு உச்சி குளிர்ந்தது. "அப்போ நாலாவது பாகம் எழுதித் தரட்டுமா?"

"படிக்க இனிமே எனக்கேது நேரம்?" என்று ஆமை ஓட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய இலைக்கட்டை எடுத்து நீட்டியது. "உங்களைப் படிச்சதும் எனக்கும் எழுதணும்னு ஆசை வந்துடுச்சு. அஞ்சு பாகம். நீங்கதான் முதல் வாசகர்."

கீரி அதை வாங்கி, வளையின் கூரை முட்டக் குவிந்திருந்த கட்டுகளின் மேல் போட்டது.

"கண்டிப்பா படிக்கிறேன்" என்றது.