சித்தேரிக்கு அந்தப் பக்கம்

"ரெண்டாவது நாள் ராத்திரி எங்கப்பா படுப்பீங்க?"

ஓசூரில், வேலை பார்க்கும் கம்பெனியின் விடுதி மொட்டைமாடியில் நின்றுகொண்டு கேட்டாள் தேன்மொழி. விடுதிப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் பேசும் சாயங்கால நேரம் அது.

"ரெண்டாவது ஏரி இருக்குதே, கல்லேரி, அதுக்குக் கீழ ஒரு ஊரு இருக்குது கண்ணு. பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல படுத்துக்கலாம்னு சொன்னாங்க" என்றார் மாதையன், அரூரில் தன் ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்து.

மாதையனுக்கு அறுபத்து மூன்று வயது. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடம் சித்தேரி பஸ்ஸில் மலையேறி, பத்து நிமிடம் நின்று, அதே பஸ்ஸில் இறங்கியவர். சித்தேரிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் ஐந்து ஏரிகள் இருப்பதைப் பயணிகள் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். நான்கு நாள் நடந்து ஐந்தையும் சுற்றிவிட்டு மறுபடி சித்தேரிக்கே வந்து சேர வேண்டும். ஒரு மாதமாக இருவரும் போனில் பேசிப் பேசிப் போட்ட திட்டம் இது.

"மேப்புல பாத்தேன்பா. மூணாவது ஏரியில தண்ணியே தெரியல."

"வெயில் காலத்துல எடுத்த படமா இருக்கும். இப்பத்தான் நல்லா மழ பேஞ்சிருக்குதே."

"பை கனமா இருக்குமே, தூக்கிப் பாத்தீங்களா?"

"நேத்து தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். ஒன்பது கிலோ. அரிசி, பருப்புப் பொடி, போர்வை, சுகர் மாத்திரை. மாத்திரை ஒரு நாளுக்குச் சேத்தே வெச்சிருக்கேன்."

"காட்டுக்குள்ள மட்டும் படுக்காதீங்கப்பா."

"பாரஸ்ட் ஆபீசுலயும் அதையேதான் சொன்னாங்க. பகல்ல நடக்கணும், பொழுது சாஞ்சா ஊருக்குள்ள போயிடணும்னு எழுதி வாங்கிக்கிட்டுத்தான் விட்டாங்க."

"ஆனாலும் தனியாவா போவீங்க?"

"கூட வர யாரு கண்ணு இருக்கா?"



"மேல டவர் கிடைக்காது. நாலாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு சித்தேரியில இருந்து எனக்குப் போன் வரணும். வரலைன்னா நான் கிளம்பி வந்துடுவேன்" என்றாள் தேன்மொழி.

"வர்றேன்னு சொல்றதோட சரி" என்று சிரித்தார் மாதையன்.

மறுநாள் விடிந்ததும் அவர் பூட்டைப் போடுகையில், பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் கோலப்பொடியோடு வந்து நின்றாள். "தினமும் போன்ல பேசறது யாருங்க, மகளா?"

"ம்."

"இவ்வளவு அக்கறையாப் பேசற புள்ள, ஒருக்கா வந்து வூட்டை எட்டிப் பாக்கக் கூடாதா? ரெண்டு வருசமா நானும் பாக்கறேன், யாருமே வரல."

மாதையன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதல் இரண்டு நாளும் சொன்ன கணக்குப்படி நடந்தார். மூன்றாம் நாள் மதியம் மூன்றாவது ஏரிக்குப் போனார். கரை தளும்பத் தண்ணீர். நடுவில் மொட்டைப் பாறை ஒன்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சுற்றிலும் ஒரு மனிதக் குரல் இல்லை. பார்த்ததை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது. பட்டன் போனை எடுத்துப் பார்த்தார். டவர் இல்லை. எடுத்தபடியே கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் பிடித்தது மழை.

நாலாம் நாள் ஐந்து மணிக்குத் தேன்மொழி மாடிக்கு வந்தாள். ஆறு ஆனது. ஏழும் ஆனது. அவள் கூப்பிட்டபோதெல்லாம் சுவிட்ச் ஆஃப் என்றே வந்தது. சாப்பிடாமல் போய்ப் படுத்தவள், விடியும் முன் எழுந்து சூப்பர்வைசருக்கு லீவு சொல்லிவிட்டு தருமபுரி பஸ்ஸில் ஏறினாள்.

பதினோரு மணிக்கு அவள் போன் அடித்தது.

"கண்ணு, நான்தான். ஓடையில தண்ணி இறங்கல, ராமக்காள்னு ஒரு அம்மா நேத்து அவங்க வூட்டுலயே தங்க வெச்சிட்டாங்க. போன்ல சார்ஜ் இல்ல. சித்தேரிக்கு வந்து டீக்கடையில போட்டுட்டு இப்பத்தான் பேசறேன். பயந்துட்டியா?"

"அரூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்பா."

"எதுக்குக் கண்ணு, லீவு போட்டுட்டு இவ்வளவு தூரம்?"

"போன் வரலைன்னா வருவேன்னு சொன்னேன்ல. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வாங்க, நேர்ல பேசிக்கலாம்."

பஸ் அரூருக்கு வந்து சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு, பையை அணைத்தபடி கடைசி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார் மாதையன். மறுபடி போன் அடித்தது.

"சித்தேரி பஸ் வந்து நின்னுடுச்சு. எல்லாரும் இறங்கறாங்க. நீங்க எங்க இருக்கீங்கப்பா, என்ன கலர் சட்டை போட்டிருக்கீங்க?" தேன்மொழி கேட்டாள். "கேஸ் சிலிண்டருக்கு நீங்க போட்ட போன், நம்பர் மாறி எனக்கு வந்துச்சே, அன்னியில இருந்து உங்க குரலைத்தான கேட்டிருக்கேன், உங்க முகம் எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாதே."