பாலியில் எடுத்த படம்

“முதல்லை அந்தப் படத்தை அல்பத்திலை இருந்து கழட்டு, பிள்ளை.”

கனகசிங்கம் குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாதபோதுதான் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள்.

மருமகள் யோகமலர் மடியில் இருந்த அல்பத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “அதிலை என்ன பிழை மாமா? பாலிக்குப் போற எல்லாரும் அப்பிடித்தானே நிக்கினம்.”

“எல்லாரும் நிக்கட்டும். எங்கடை குடும்பம் நிக்கக் கூடாது.”

“கணுக்கால் வரைக்கும் மறைஞ்சுதானே கிடக்கு?”

“மறைச்சாப் போதாது. என்னத்தாலை மறைச்சது எண்டதிலைதான் மானம் இருக்கு. போதாக்குறைக்குப் பூ வேறை.”

யோகமலர் உதட்டைக் கடித்துக்கொண்டு படத்தைப் பசையிலிருந்து உரித்துக் கொடுத்தாள். வேட்டிக்கு மேல் போட்டிருந்த கோட்டின் உள்பையில் அதை வைத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டார் கனகசிங்கம்.

மகன் ஸ்ரீதரனுக்கு ஜகார்த்தாவில் ஒரு கம்பனியில் என்ஜினியர் வேலை. எண்பத்து மூன்றில் கொழும்பை விட்டுப் புறப்பட்ட கனகசிங்கமும் மகள் புனிதவதியும், கனடா விசா வரும்வரை ஒரு வருஷம் அவனோடுதான் இருந்தார்கள். இப்போது யோகமலர் விடுமுறையில் ரொறொன்ரோ வந்திருந்தாள். அல்பமும் அவளோடு வந்திருந்தது.

இன்றைக்கு யூனியன்வில்லிலிருந்து சண்முகலிங்கமும் மனைவி கோணேஸ்வரியும் புனிதவதியைத் தங்கள் மகனுக்குப் பேச வருகிறார்கள். புனிதவதிக்கும் அவனுக்கும் ஒரே வங்கியில் வேலை. ஒருவரையொருவர் பிடித்துப்போனது இரண்டு வீட்டுக்கும் தெரியும். இரண்டு வீட்டிலும் அதைப் பேசுவதில்லை.

வந்தவர்கள் பனி ஒட்டிய சினோ சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தேநீரும் வடையும் வந்தன. அல்பம் கோணேஸ்வரியின் மடிக்குப் போனது.

“அங்கை சனிக்கிழமை விடிஞ்சால் ஊர் பாக்க வெளிக்கிட்டிடுவம்,” என்று கனகசிங்கம் விளக்கம் சொன்னார். “இது தேயிலை மலை. இது பண்டுங்குக்குப் பக்கத்திலை எரிமலை. அதின்ரை சுடுதண்ணியிலை முட்டை அவிச்சுச் சாப்பிட்டனாங்கள்.”

“எரிமலையிலையோ? ஏன், வீட்டிலை அடுப்பு இல்லையோ?” கோணேஸ்வரி கேட்டாள்.

“வீட்டிலை சமையல்காரி இருந்தவ. தோட்டக்காரன், காரோட்டி எல்லாம் கம்பனி குடுத்தது.”

“குடுத்து வைச்ச ஆக்கள்,” என்றாள் கோணேஸ்வரி. “இஞ்சை இவர் சினோ தள்ளியே நாரி முறிஞ்சு போச்சுது.”

சண்முகலிங்கத்தின் கண் படங்களில் இல்லை. கனகசிங்கத்தின் மேல் இருந்தது.

“போன பொங்கல் பூசைக்கு என்ரை தம்பியைக் கோயில் வாசல்லை வைச்சுத் திருப்பி அனுப்பினது நீங்கள்தானே?”

யோகமலர் நீட்டிய வடைத்தட்டு அந்தரத்தில் நின்றது.

“ஓம். வீட்டிலை கட்டுற சாரத்தோடை வந்தவர்,” என்றார் கனகசிங்கம்.

“வேட்டி மெஷினிலை சுருங்கிப் போச்செண்டு, பாவம், அந்தக் குளிருக்குள்ளை…”

“சுருங்கினால் வீட்டிலை நிக்கலாம். சாமிக்கு முன்னாலை சாரத்தோடை நிக்கிறது எங்கடை முறை இல்லை.”

“அதைத்தான் சொல்ல வாறன். தம்பி இன்னும் உங்களோடை கோபம். ஆனா நான் அண்டைக்கே நினைச்சன், சம்பந்தம் செய்தால் இப்பிடிக் கண்டிப்பான வீட்டிலைதான் செய்யோணும் எண்டு.”

ஏற்கெனவே நிமிர்ந்திருந்த கனகசிங்கத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. கை மட்டும் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

“இதென்ன, இந்த மூலையிலை படத்தைக் காணேல்லை?” கோணேஸ்வரி அல்பத்தைத் தூக்கிப் பிடித்தாள். “இப்பதான் உரிச்ச மாதிரிக் கிடக்கு.”

“அது பாலியிலை எடுத்தது,” என்றார் கனகசிங்கம். “உடுப்புக் கொஞ்சம் சரியில்லை.”

“ஆரின்ரை உடுப்பு?”

கனகசிங்கம் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். கோணேஸ்வரியின் பார்வை யோகமலரின் தலையில் தொடங்கிக் காலில் முடிந்தது.

“கடற்கரைப் படமாக்கும்,” என்றாள்.

யோகமலர் மாமனாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

சண்முகலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். “கனகசிங்கத்தார், குறை நினையாதேங்கோ. வெளியிலை காட்டேலாத கோலத்திலை மருமகள் படம் எடுக்கிறா எண்டால், நாங்கள் ஒருக்கா யோசிக்கோணும்.”

கோணேஸ்வரி கைப்பையை எடுத்தாள். குசினி வாசலில் பாயசத்தோடு நின்ற புனிதவதி தட்டோடு திரும்பி உள்ளே போனாள்.

கனகசிங்கம் எழுந்து நின்றார்.

“இருங்கோ. என்ரை மருமகளைப் பற்றி இந்த வீட்டுக்குள்ளை ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேலாது.”

பொத்தானைக் கழற்றினார். படத்தை எடுத்துச் சண்முகலிங்கத்தின் முன்னால் வைத்தார். பிறகு யன்னலுக்குப் போய், கீழே பனிக்குள் நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவனும் மனைவியும் படத்தின் மேல் குனிந்தார்கள்.

அது பாலியில் ஒரு கோயில் வாசல். காற்சட்டையோடு வருபவர்களுக்கு அங்கே கட்டக் கொடுக்கும் துணியைக் கட்டி, அதாவது பெரிய பெரிய சிவப்புப் பூப்போட்ட ஒரு சாரத்தைக் கட்டி, இடுப்பில் மஞ்சள் பட்டியும் காதில் வெள்ளைப் பூவுமாக, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார் கனகசிங்கம்.

சண்முகலிங்கம் படத்தை எடுத்து அல்பத்தின் வெறும் மூலையில் பழையபடி வைத்துப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினார்.

“அப்ப கலியாணத்துக்கு என்ரை தம்பியும் சாரத்தோடை வரலாம்தானே, சம்பந்தி?”