டாக்சி கேட்ட கேள்வி

உலகத் தத்துவ நாளில் மட்டும் ஓட்டுநரில்லா டாக்சிகள் சும்மா கிளம்புவதில்லை. எதற்காகப் போகிறோம் என்று தோண்டித் தோண்டிக் கேட்கும். மனதில் இருப்பதைச் சொன்னால்தான் நகரும். பொய் சொன்னால் அப்படியே நிற்கும்.

பீளமேட்டில் நந்தகோபாலும் அவர் மனைவி சுகன்யாவும் அப்படியொரு டாக்சிக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுகன்யாவின் அண்ணன் பேத்திக்கு அன்று காதுகுத்து.

“எதற்காகப் போகிறீர்கள்?” என்றது டாக்சி.

“மச்சான் மேல அவ்வளவு பாசமுங்க,” என்றார் நந்தகோபால்.

டாக்சி அசையவில்லை.

“ஏனுங்க, உண்மையச் சொல்லித் தொலைங்க. அங்க நேரமாச்சு,” என்றாள் சுகன்யா.

“சரி. போகலீன்னா இவ எங்கிட்டப் பேசமாட்டாளுங்க.”

“பேசாவிட்டால் என்ன ஆகும்?”

“வீடு நிம்மதியா இருக்கும்,” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அந்த நிம்மதி உங்களுக்கு வேண்டாமா?”

சுகன்யா மெதுவாகத் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள்.

“வேண்டாமுங்க,” என்று, பொய் என்று நினைத்தே எடுத்துவிட்டார் நந்தகோபால்.

டாக்சி சட்டென்று கிளம்பிவிட்டது.

சுகன்யாவைவிட அதிகமாகத் திடுக்கிட்டது அவர்தான்.